பீப்பாய்க்குக் கூலி உண்டு, காத்திருப்புக்கு இல்லை: கச்சா எண்ணெய் ஏற்றிய ஒரு சொந்த வண்டி ஓட்டுநரின் நான்கு ஆண்டுகள்

இந்த ஆய்வில் வருபவர் தன் வண்டியைத் தானே ஓட்டியவர். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ‘ஓனர் கம் டிரைவர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். டெக்சாஸில் அவர்களை ‘ஓனர்-ஆபரேட்டர்’ என்கிறார்கள். 2018 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் இவர் கச்சா எண்ணெய் ஏற்றினார். அந்த ஆண்டுகளில் அவருடைய வரவுசெலவையும் வரித் தாக்கலையும் பார்த்துக்கொடுத்தவன் நான். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆட்கள், கம்பெனிகள், கிணறுகள் எவற்றின் பெயரையும் தரவில்லை. தொகைகள் அவருடைய புத்தகத்தில் உள்ளவை; சில்லறையை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

கணக்கு எழுதுகிறவன் தொட்டி உச்சியில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அந்த விபத்து அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்தான் தொடங்கியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பின்னணி

அப்போது அவருக்கு வயது 43. பன்னிரண்டு ஆண்டுகள் கம்பெனி வண்டியில் பொதுச் சரக்கு ஓட்டியவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கிழக்கு டெக்சாஸில் இருந்தார்கள். இவர் ஒடெஸாவுக்கு வெளியே ஒரு வண்டி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தங்கினார்.

2018இல் பெர்மியனில் கிணறு தோண்டிய வேகத்துக்குக் குழாய் பதிக்க முடியவில்லை. எண்ணெய் ஊறியது, வெளியேறத்தான் வழியில்லை. அந்த ஆகஸ்டில், அமெரிக்க எண்ணெய் விலைக்கு அடிப்படையான ஓக்லஹோமாவின் குஷிங்கில் விற்ற விலையைவிட, பெர்மியனின் நடுவிலுள்ள மிட்லண்டில் பீப்பாய்க்கு 15 டாலருக்கும் மேல் குறைவாக விற்க வேண்டியிருந்தது. குழாய் எட்டாத தூரத்தை லாரிதான் கடக்க வேண்டும் என்பதால், டேங்கர் ஓட்டத் தெரிந்தவர்களை எல்லாக் கம்பெனிகளும் தேடிக்கொண்டிருந்தன.

அவரிடம் கனரக உரிமம் ஏற்கெனவே இருந்தது. டேங்கருக்கும் அபாயப் பொருளுக்கும் சேர்த்துத் தரப்படும் ‘எக்ஸ்’ அனுமதியை, கைரேகையும் பின்னணிச் சோதனையும் முடித்து வாங்கினார். 3,80,000 மைல் ஓடிய 2015ஆம் ஆண்டு டிராக்டர் வண்டி ஒன்றை (டிரெய்லரை இழுக்கும் லாரியின் முன்பகுதி) 68,000 டாலருக்கு எடுத்தார். கைப்பணம் 15,000 போக மீதி 53,000க்கு 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை. மாதம் ஏறத்தாழ 1,810 டாலர்.

சொந்தப் பெயரில் போக்குவரத்து அனுமதி எடுக்க முதலில் யோசித்தார். எண்ணெய் ஏற்றும் வண்டிக்கு அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்லப்பட்ட பிரீமியம் அவரால் தாங்கக்கூடியதாக இல்லை. ஆகவே நடுத்தர அளவிலான ஒரு கம்பெனியின் அனுமதியின்கீழ் வண்டியை இணைத்தார். லோடு வருமானத்தில் 70 சதவீதம் அவருக்கு. டிரெய்லர் வாடகையாக வாரம் 350 டாலரும் காப்பீட்டுக்கு 250 டாலரும் பிடித்தம்.

சேர்த்துவிட்டவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பீப்பாய்க்கு 1.75 டாலர், லோடுக்கு 180 பீப்பாய், நாளைக்கு நான்கு லோடு. அவருடைய பங்கு நாளைக்கு 880 டாலர். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். பெருக்கல் சரியாக இருந்ததால் நானும் தலையசைத்தேன். நான்கு லோடு எத்தனை மணி நேரத்தில் முடியும் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

ஒரு லோடு எப்படி நடக்கிறது

வெளியாருக்கு இது குழாயை மாட்டி எண்ணெயை உறிஞ்சுகிற வேலையாகத் தெரியலாம். உண்மையில் ஓட்டுநர் அங்கே அளவைக்காரரும் ஆவார். விற்பவரும் வாங்குபவரும் எதிரில் இல்லாத இடத்தில், அவர் எழுதும் சீட்டுதான் விற்பனைப் பத்திரம். அதை ‘ரன் டிக்கெட்’ என்கிறார்கள்.

கிணற்றடியில் 400 பீப்பாய் தொட்டிகள் வரிசையாக நிற்கும். 12 அடி விட்டம், 20 அடி உயரம். ஓட்டுநர் படியேறி, தொட்டிகளின் தலைமாட்டில் ஓடும் நடைமேடையில் நின்று, உச்சியிலுள்ள சிறு மூடியைத் திறக்கிறார். மாதிரி எடுக்கும் குழலுக்கு ‘தீஃப்’, அதாவது திருடன், என்று பெயர். எண்ணெயிலிருந்து கொஞ்சம் திருடிக்கொண்டு வருவதால் அப்படி ஒரு பெயர். மூடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அளவு நாடாவை இறக்கி மட்டத்தைக் கால் அங்குலம் வரை துல்லியமாகப் படிக்க வேண்டும். அந்த விட்டத்தில் ஓர் அங்குலம் என்பது 1.67 பீப்பாய். எனவே கால் அங்குலப் பிழையும் 17 கேலனுக்கு மேற்பட்ட எண்ணெய் ஆகும்.

பிறகு வெப்பநிலை. வெயில் நாளில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் எண்ணெயை, 60 டிகிரியில் எவ்வளவு இருக்கும் என்று திருத்திக் கணக்கிட்டால் 180 பீப்பாய் 176 ஆகச் சுருங்கும். கூலி சுருங்கிய எண்ணிக்கைக்குத்தான். அடுத்து அடர்த்தி. கனமான எண்ணெய் என்றால் குறைவாகத்தான் ஏற்றலாம், ஏனெனில் சாலையில் மொத்த எடை 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. பின்பு மாதிரியைக் கையடக்கச் சுழல் கருவியில் சுற்றி, அடிவண்டலும் நீரும் எவ்வளவு என்று பார்ப்பார். அங்கே பெரும்பாலும் ஒரு சதவீதம்தான் எல்லை. அதற்கு மேல் இருந்தால் எண்ணெயை ஏற்காமல் வெறும் வண்டியோடு திரும்ப வேண்டும்.

எல்லாம் சரியென்றால் நிலக்கம்பி இணைத்து, பழைய முத்திரையை உடைத்து, வால்வைத் திறந்து ஏற்றுவார். தொட்டியில் ஒன்பது அடி இறங்கினால் ஒரு லோடு. மறுபடி மேலேறிக் கீழ்மட்டம் அளந்து, புது முத்திரை போட்டு, சீட்டு எழுதி, 35 மைல் தள்ளியிருக்கும் குழாய் நிலையத்துக்குப் போய் இறக்க வேண்டும். எங்கும் நிற்காமல் நடந்தால் மூன்று மணி நேரம்.

சில கிணறுகளில் ‘லேக்ட்’ என்னும் தானியங்கி அளவைக் கருவி இருக்கும். அங்கே மேலே ஏற வேண்டியதில்லை. குழாயை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் கருவியே அளந்து சீட்டு அடிக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கிணறுகள் எளிதில் கிடைப்பதில்லை.

முதல் ஐந்து மாதங்கள்

தாளில் நான்காக இருந்த லோடு தரையில் மூன்றாகியது. குழாய் நிலையத்தின் வாசலில் சில நாள் பத்து வண்டிகள், சில நாள் இருபது. பிளாண்டு வாசலில் சமையல் எரிவாயு டேங்கரை நிறுத்திக் காத்திருந்தவர்களுக்கு அந்த வரிசை எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டுநர் ஒரு நாளில் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குப் பிறகு வண்டியை ஓட்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் மின்னணுப் பதிவேடு அதைக் கண்காணிக்கிறது. வரிசையில் நின்றாலும் அந்த 14 மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும்.

ஒப்பந்தத்தில் காத்திருப்புக்குக் கூலி இருக்கத்தான் செய்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, நிலையப் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் தருவார்கள். ஆனால் அந்த நிலையங்கள் அட்டையைத் தேய்த்து இறக்கும் ஆளில்லா நிலையங்கள். கையெழுத்திட அங்கே யாரும் இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட அந்தக் கூலி வரவில்லை. நீர் அதிகமென்று திருப்பிய லோடுக்கும் ஒன்றும் இல்லை. ஜூலையில் மட்டும் ஆறு லோடுகளைத் திருப்பியிருந்தார்.

இதனால் அவருடைய கைவேலை மாறியது. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். மூடியைத் திறந்தவுடன் தள்ளி நின்று ஆவி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் கற்றிருந்தார். ஏப்ரலில் பத்து நிமிடம் காத்திருந்தவர் ஜூனில் ஐந்து நிமிடம் காத்திருந்தார். ஆகஸ்டில் திறந்த கையோடு நாடாவை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை, அதுவே பழக்கமாகிவிட்டது.

செப்டம்பர் மாலை

அன்று காலை 5 மணிக்குத் தொடங்கினார். இரண்டாவது லோடை இறக்கப் போனபோது நிலையத்தில் இருந்த இரண்டு இறக்குமுனைகளில் ஒன்று பழுது. இரண்டு மணி 40 நிமிடம் வரிசையில் நின்றார். பேக்கஸ் நகருக்கு வடக்கே, 285ஆம் நெடுஞ்சாலையிலிருந்து மண்பாதையில் விலகி, மூன்றாவது லோடுக்காகக் கிணற்றடியை அடைந்தபோது மணி 4:35. 7 மணிக்குள் இறக்கி முடித்தால்தான் அந்த லோடு அன்றைய கணக்கில் சேரும்.

அது உற்பத்தி தொடங்கி ஒன்பது நாளே ஆன கிணறு. அத்தகைய எண்ணெயில் வாயு நிறையக் கரைந்திருக்கும். தொட்டிக்கு வந்ததும் பொங்கி வெளியேறும். அன்று காற்று அறவே இல்லை. காற்று வரும் திசையில் நில் என்பது பாடம், ஆனால் காற்று வரவேயில்லை. மூடியைத் திறந்தபோது ஆவி அலையலையாக எழுந்து கண்ணெதிரே காட்சி நெளிந்தது என்கிறார். சட்டைப்பையில், எண்ணெயோடு வரக்கூடிய நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டறியும் மானி இருந்தது. அது பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவில் ஒலிக்கும். ஒலிக்காததால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டு, குனிந்து மாதிரிக் குழலை இறக்கினார்.

காதில் இரைச்சல். முழங்கால் தளர்ந்தது. குழலின் கயிறு கையை விட்டு நழுவித் தொட்டிக்குள் போனது. பிறகு ஒன்றரை நிமிட அளவுக்கு அவருக்கு நினைவில்லை.

கீழே அடுத்த லோடுக்காக வேறொரு கம்பெனியின் ஓட்டுநர் காத்திருந்தார். மேலே நின்றவர் தலை மறைந்ததைக் கண்டதும் அவர் விடாமல் ஹார்ன் அடித்தார், கத்தினார். மேலே ஓடவில்லை. தூக்க ஓடியவரும் விழுந்து இறப்பது எண்ணெய் வயல்களில் பழைய கதை. அந்த ஒரு நிதானத்துக்காக அந்த முகம் தெரியாத மனிதரை நான் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹார்ன் ஒலி கேட்டு இவர் தவழ்ந்து, கம்பியைப் பிடித்தபடி, திறந்த மூடியிலிருந்து பதினைந்து அடி தள்ளிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். அங்கே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வர 40 நிமிடம் ஆனது.

மானி ஏன் ஒலிக்கவில்லை? அது சரியாகத்தான் இருந்தது. அது தேடிய வாயு அங்கே இல்லை. அவரைச் சாய்த்தவை புரோப்பேன், பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன் ஆவிகள். இவை மூக்கருகே உள்ள ஆக்சிஜனை ஒதுக்கிவிடும், மயக்கம் தரும், இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கும். 2010 முதல் 2014 வரை தொட்டியைக் கையால் அளந்தபோதும் மாதிரி எடுத்தபோதும் ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததை அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு அமைப்புகள் கண்டறிந்து 2016இல் எச்சரிக்கை வெளியிட்டன. மூடியைத் திறக்காமலே அளப்பதற்கான முறைகளை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமும் அதே ஆண்டில் வெளியிட்டது. இரண்டும் அவர் வண்டி வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்தவை. அவருக்கு நடந்த பயிற்சியில் ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி நான்கு மணி நேரம் பேசினார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மருத்துவமனையும் காகிதங்களும்

முதல் இதயத்துடிப்புப் பதிவில் ஒழுங்கின்மை தெரிந்தது. ஆறு மணி நேரம் கண்காணித்தார்கள், துடிப்பு சீரானது, மறுநாள் அதிகாலை விடுவித்தார்கள். பில் 6,400 டாலர். ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை.

அவர் யாருடைய ஊழியரும் அல்லர். டெக்சாஸில் தனியார் முதலாளிகள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியே எடுத்திருந்தாலும் ஒப்பந்தக்காரரான இவருக்கு அது பொருந்தாது. இவரைப் போன்றவர்களுக்கென்று தனி விபத்துக் காப்பீடு இருந்தது, வாரம் 35 டாலர். சேரும்போது வேண்டாமென்று குறித்திருந்தார். அந்தப் பில் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. மருத்துவமனையுடன் பேசி 12 தவணையாக மாற்றிக்கொண்டோம்.

இன்னொன்று என்னை அதிகமாக உறுத்தியது. தன் தொழிலைத் தானே செய்கிறவர் மத்தியப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. கம்பெனியின் நிகழ்வுப் படிவத்தில் ‘வெப்பத்தால் தலைசுற்றல்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போடவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் தன் கையால் எழுதி, நகல் வைத்துக்கொண்டு அனுப்பினார். அந்த ஒரு பக்கத்தைத் தவிர அந்த மாலைக்கு எங்கும் பதிவு இல்லை.

ஆறு வார நேரக் குறிப்பு

வேலைக்குத் திரும்பியதும் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எவ்வளவு சம்பாதித்தார் என்பதை நான் எழுதுகிறேன், எந்த மணி நேரம் எதற்குப் போனது என்பதை அவர் எழுதட்டும் என்பது ஏற்பாடு. அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் எழுதினார்.

மொத்தம் 396 மணி நேரம். வண்டி ஓட்டியது 150. ஏற்றியும் இறக்கியும் கழிந்தது 122. வரிசையில் நின்றது 92. சோதனை, பழுது, காகிதம் 32. ஆறு வாரத்தில் 96 லோடு. அவருடைய பங்கு 21,170 டாலர். அதில் டீசல் 4,280, வண்டித் தவணை 2,715, டிரெய்லர் வாடகை 2,100, காப்பீடு 1,500, டயருக்கும் பழுதுக்கும் ஒதுக்கியது 1,520. மீந்தது 9,055 டாலர். மணிக்கு ஏறத்தாழ 23 டாலர். சுயதொழில் வரி கழித்தால் 20க்குக் கீழே.

அதே கம்பெனி, கம்பெனி வண்டியை ஓட்டும் சம்பள ஓட்டுநருக்கு அந்த மாதம் மணிக்கு 26 டாலர் தருவதாக விளம்பரம் செய்திருந்தது. வண்டிக் கடனும் டயரும் டீசலும் அவருக்குக் கிடையாது.

இந்தக் கணக்கை அவரிடம் காட்டிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த பத்து நிமிடத்தை நான் நாலு டாலருக்கு விற்றிருக்கிறேன்” என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் மானி. ஆக்சிஜன், எரியக்கூடிய ஆவி, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் அளக்கும் கருவியை 650 டாலருக்கு வாங்கினார். விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்தார்.

இரண்டாவது முடிவு கடினமானது. உற்பத்தி தொடங்கி ஒரு மாதம் ஆகாத கிணறுகளில் தனியாகத் தொட்டி ஏறுவதில்லை. காற்றில்லாதபோதும் இருட்டியபின்னும் ஏறுவதில்லை என்று, லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரிடம் சொன்னார். மறுக்கும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. ஆனால் நவம்பரில் இரண்டு முறை மறுத்த பிறகு இரண்டு நாள் போனே வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. லோடு வரவில்லை, அவ்வளவுதான். தவணை தேதி நெருங்கும் ஒருவருக்கு அந்த மௌனத்தின் பொருள் புரியும்.

ஆகவே மூன்றாவது முடிவு, கம்பெனியை மாற்றுவது. மூன்று வழிகளை அலசினோம். சொந்த அனுமதிக்குக் காப்பீட்டுக் கட்டணம் மறுபடியும் தடையாக நின்றது. வண்டியை விற்றுவிட்டுச் சம்பளத்துக்குப் போனால் கடனை அடைத்தபின் கையில் ஏதும் மிஞ்சாது. எஞ்சியது, ‘லேக்ட்’ கிணறுகளை அதிகமாக வைத்திருந்த ஒரு சிறு கம்பெனி. அங்கே பீப்பாய்க்கு 1.60 டாலர்தான், பங்கு 72 சதவீதம். ஒரு லோடுக்கு 13 டாலர் குறைவு. ஆனால் 45 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு 50 டாலர், அதுவும் வண்டியின் மின்னணுப் பதிவையே சான்றாக ஏற்று. திருப்பிய லோடுக்கும் ஒரு தொகை. 2019 ஜனவரியில் மாறினார். நண்பர்கள், குறைந்த கட்டணத்துக்குப் போகிறாயே என்றார்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதே முறையில் கணக்கிட்டோம். வாரம் 19 லோடு. மணிக்கு 29 டாலர். வாரத்துக்கு 66 மணி நேரம் என்பதில் மாற்றமில்லை.

குழாய்கள் வந்த ஆண்டு

2019 ஆகஸ்டில் காக்டஸ் 2, எபிக் குழாய்களும் நவம்பரில் கிரே ஓக் குழாயும் கார்ப்பஸ் கிறிஸ்டி துறைமுகப் பக்கம் எண்ணெயைக் கொண்டுசெல்லத் தொடங்கின. மிட்லண்டின் விலைப் பள்ளம் நிரம்பியது. கடற்கரைவரை நெடுந்தூரம் ஓட்டிய டேங்கர்கள் ஒரே பருவத்தில் வேலை இழந்து, இவரைப் போன்ற குறுந்தூர ஓட்டுநர்களின் வரிசைக்கு வந்தன. அவர் ஏற்றிவந்த இரண்டு கிணற்றடிகளுக்குச் சேகரிப்புக் குழாய் பதித்துவிட்டார்கள். ஆண்டு முடிவில் கட்டணம் 1.35 டாலர்.

வங்கியில் அப்போது அவருக்குக் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. 14 சதவீத வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூன்று மாதத் தவணையும் வீட்டுச் செலவும் எப்போதும் தனிக் கணக்கில் ரொக்கமாக இருக்க வேண்டும் என்றார். என் ஆலோசனை தவறு; அவர் செய்ததே சரி என்பது நான்கு மாதத்தில் தெரிந்தது.

2020 ஏப்ரல்

ஏப்ரல் 20 அன்று மே மாதத்துக்கான அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கொரோனா முடக்கத்தில் தேங்கி, வைக்க இடமில்லாத எண்ணெயை எடுத்துக்கொள்ளப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. உற்பத்தியாளர்கள் கிணறுகளை மூடினார்கள். மார்ச் தொடக்கத்தில் வாரம் 17 லோடு; மே முதல் வாரத்தில் 4.

ஏப்ரல் தவணையைக் கட்டிய பிறகு கடன் பாக்கி 18,600 டாலர். கடன் கொடுத்தவரிடம், தவணை தவறுவதற்கு முன்பே, இரண்டு ஆண்டுக் கட்டண வரலாற்றையும் லோடு சீட்டுகளையும் வைத்துக் கடிதம் எழுதினோம். மூன்று தவணைகளைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். தவறிய பிறகு கேட்டவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதை என்னிடம் வந்த மற்ற இருவர் வழியாக அறிவேன். சிறுதொழில்களுக்கான அரசின் கூலிப் பாதுகாப்புக் கடனுக்கு, தனியாகத் தொழில் செய்வோர் ஏப்ரல் 10 முதல் விண்ணப்பிக்க முடிந்தது. 2019இல் அவர் காட்டிய நிகர வருமானம் 54,000. அதில் இரண்டரை மாதப் பங்கு 11,250 டாலர் மே மாதம் வந்தது. பின்னால் அது தள்ளுபடி ஆனது. ஒழுங்காக வரித் தாக்கல் செய்திருந்ததால்தான் இந்தத் தொகை. ரொக்கத்தில் வாங்கி மறைத்தவர்களுக்குக் காட்ட எண் இல்லை.

ஜூன் முதல் அக்டோபர் வரை எண்ணெயை விட்டு, மளிகைச் சரக்கு நிரம்பிய பிறருடைய டிரெய்லர்களைத் தன் வண்டியில் இழுத்தார். வருமானம் குறைவு, ஆனால் வண்டி நிற்கவில்லை. நவம்பரில் எண்ணெய்க்குத் திரும்பினார், 1.20 டாலருக்கு.

வண்டியை விற்றது

2021 ஜூனில் கடைசித் தவணை முடிந்தது. அடுத்த பத்து மாதம் கடனில்லாத வண்டி ஓட்டினார். அந்த நான்கு ஆண்டுகளில் உண்மையாகக் கை நிறைந்த காலம் அதுதான். கணினிச் சில்லுத் தட்டுப்பாட்டால் புது வண்டிகள் கிடைக்காமல் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. 2022 ஏப்ரலில், ஏறத்தாழ 6,30,000 மைல் ஓடிய வண்டியை 52,000 டாலருக்கு விற்றார். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் காலம் நெருங்கிவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு அதே கச்சா எண்ணெயை ஓட்டுகிறார். சேர்ந்தபோது மணிக்கு 31 டாலர், வரிசையில் நிற்கும் நேரம் உட்பட. பழைய நான்கு வாயு மானி இன்னும் அவரிடம் இருக்கிறது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் சோதனை வாயு காட்டி அது ஒலிக்கிறதா என்று பார்க்கிறார்.

மறுபடி தொடங்கினால்

அவரிடம் கேட்டேன். வண்டி வாங்கியதற்காக வருந்தவில்லை என்றார். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அந்த நிலைய வாசலில் போய் நின்று, வண்டிகள் எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வருகின்றன என்று எழுதியிருப்பாராம். வாரம் 35 டாலர் காப்பீட்டை முதல் நாளே எடுத்திருப்பார். ஒரே வாயுவை மட்டும் அறியும் மானியை நம்பி எந்தத் தொட்டியிலும் ஏறியிருக்க மாட்டார்.

என் பக்கத்தில் மாற வேண்டியது வேறு. லோடுகளின் எண்ணிக்கையைச் சோதிக்காமல் தலையசைத்தது என் பிழை. கம்பெனிகள் மாற்ற வேண்டியது எல்லாவற்றிலும் பெரியது, எனக்குத் தெரிந்தவரை எளிதும்கூட: காத்திருப்புக் கூலிக்கு ஆளில்லாத நிலையத்தில் கையெழுத்துக் கேட்பதை நிறுத்தி, ஏற்கெனவே வண்டியில் ஓடும் பதிவேட்டை ஏற்றுக்கொள்வது. திருப்பிய லோடுக்கும் ஏதாவது கொடுப்பது. அப்போது மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கும் பத்து நிமிடம் ஓட்டுநரின் பையிலிருந்து போகாது.

இப்போது கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும், கட்டணப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் காத்திருப்பைப் பற்றிய பக்கத்தை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கடைசியாக வந்த மூவரில் இருவருடைய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை.